‘பொறுங்க’ என்று முடியாத காலை

என் அத்தை, அதாவது என் தந்தையின் மூத்த சகோதரி, நகராட்சி அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறகு பல ஆண்டுகள் உள்ளூர் வானொலியில், காலைச் செய்தி முடிந்ததும் சில நிமிடங்கள் தம் கருத்தைச் சொல்லி வந்தார். குடும்பக் குறிப்பேட்டில் பிறப்பு, படிப்பு, பணி என்று அவரை இரண்டு வரியில் அடக்கிவிடலாம். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தக் குரலுக்காகவும், இடிந்து விழுந்த ஒரு படிக்கட்டுக்காகவும்தான்.

அத்தை பழமையில் நம்பிக்கை உடையவர். அதை மறைத்ததும் இல்லை. வாக்குரிமை வந்த நாள்முதல் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்தார். அந்தக் கட்சி பிழை செய்தபோது வீட்டுப் பிள்ளையைத் திட்டுவதுபோல் வானொலியிலேயே திட்டினார்; அடுத்த தேர்தலில் மறுபடியும் அதற்கே வாக்களித்தார். தெருப் பெயர்களை மாற்றுவது, நகராட்சியைப் பக்கத்துப் பெருநகரத்தோடு இணைப்பது, குடிநீர் வழங்கலை மாநில அரசு எடுத்துக்கொள்வது என எதையும் அவர் எளிதில் ஏற்றதில்லை. நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். தலைநகரத்தில் என்ன முடிவெடுத்தாலும் அது நம் வீட்டுக் குழாயில் வந்து சேரும்போதுதான் செய்தி என்பது அவர் வாதம்.

எதைப் பற்றிப் பேசினாலும் ஒரே சொல்லில்தான் முடிப்பார்: “பொறுங்க.” ஆகவே ஊருக்கு அவர் ‘பொறுங்க அத்தை’ ஆனார். பேருந்து தாமதமானால், அத்தைதான் ஓட்டுகிறார் போலிருக்கிறது என்பார்கள். அத்தை திருமணம் செய்துகொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடமும் அக்கா இதையேதான் சொல்லியிருப்பாள், அவர்கள் இன்னும் வாசலில் காத்திருக்கிறார்கள் என்று என் தந்தை அவர் எதிரிலேயே சொல்வார். அத்தையும் சிரிப்பார்.

வானொலி நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பயனும் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கருவிகளைக் கவனித்த ஒலிப்பதிவாளர், பருத்த உடலும் தடித்த கண்ணாடியும் உடையவர், ‘பொறுங்க’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஒலிவாங்கியை மூடி இசையை ஓடவிடுவார். வேறு சைகை எதுவும் அவர்களுக்குள் கிடையாது.

அப்போது மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆளுங்கட்சி எங்கள் பழைய நூலகத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் பல மாடி அலுவலகம் கட்டத் திட்டமிட்டது. அத்தை ஒவ்வொரு காலையும் அதை எதிர்த்துப் பேசினார். அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை இளமையில் தம் கையாலேயே படியெடுத்தவர் அவர். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்க்காமலே சொல்வார். கேட்பவர்களுக்கு அந்தக் கட்டடம் தங்கள் வீட்டின் ஓர் அறைபோல் ஆகிவிட்டது. நகராட்சி உறுப்பினர்கள் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்கள்.

நூலகத்தின் காவலாளி, வெளியூர் நாளிதழ்களின் முந்தைய நாள் பிரதிகளை அத்தைக்குக் கொண்டுவந்து தருவது வழக்கம். தினமும் அத்தை பேசுவதைக் கேட்ட பிறகுதான் நூலகத்தைத் திறக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் அவர் வாசலில் நின்று சொன்னதை அத்தை பின்னாளில் என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார்.

“அம்மா, நூலகத்தோட பக்கவாட்டுப் படிக்கட்டுல மேலேருந்து மண் உதிருது. காலையில பெருக்கினா சாயந்திரம் மறுபடி கிடக்குது. என்ஜினியர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?”

இடிக்கத் துடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்றுதான் அத்தைக்கு முதலில் தோன்றியது.

“ஓட்டெடுப்பு முடியட்டும். நானே சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். வாக்கெடுப்பில் அத்தையின் பக்கம் வென்றது; இடிப்பு தள்ளிவைக்கப்பட்டது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களின் கூட்டத்தில் படிக்கட்டு அத்தையின் நினைவிலிருந்து நழுவிவிட்டது. காவலாளி மறுபடி கேட்கவில்லை. நாளிதழ்களைக் கொடுத்துவிட்டு வழக்கத்தைவிடச் சற்று நேரம் நிற்பார். அது ஏன் என்று அத்தைக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு முற்பகலில் படிக்கட்டு விழுந்தது. துடைப்பத்தோடு அதில் நின்றிருந்தவர் அந்தக் காவலாளி மட்டும்தான்; அவர் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. காவலாளி ஆபத்தை உரிய இடத்தில் தெரிவிக்கவில்லை, கடமையில் கவனக்குறைவாக இருந்தார் என்று குழு முடிவு செய்தது. அது ஊர் வாயில் விழுந்து வேறு வடிவம் எடுத்தது. தூங்கிக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்தது என்றார்கள். அவருடைய மகளிடம் பள்ளியில் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அத்தை வானொலிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒருநாள் காதொலிப்பானை மாட்டியதும் ஒலிப்பதிவாளரை நிமிர்ந்து பார்த்தார்.

“வெளியில யாரு பெருக்குறது?”

“யாரும் இல்லையே அத்தை. வயர் இரைச்சலா இருக்கும்.”

அவர் கம்பியை மாற்றினார். மறுநாளும் அத்தைக்கு அந்த ஓசை கேட்டது: ஒலிபரப்பு தொடங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்குச் சற்று முன், கல்தரையில் மணலைத் துடைப்பம் தள்ளும் ஓசை. விளக்கு எரிந்ததும் நின்றுவிடும். ஒலிப்பதிவாளர் அதே காதொலிப்பானை வாங்கித் தம் காதில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் அத்தை சன்னல் விளிம்பை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். விரலில் எதுவும் இருக்காது. ஆனாலும் துடைத்துக்கொள்வார்.

காவலாளியின் மனைவி வந்த அன்று நான் அத்தை வீட்டில் இருந்தேன். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

“மண் கொட்டுதுன்னு அவர் உங்ககிட்ட சொன்னார். வீட்டுக்கு வந்து என்கிட்டயும் சொன்னார். விசாரணையில நான் சொன்னேன், பொண்டாட்டி பேச்சுன்னு ஒதுக்கிட்டாங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

அத்தையின் உதடுகள் பழக்கத்தால் அசைந்தன. “கொஞ்சம் பொ…” என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவரும் இதைத்தான் கேட்டுட்டு வந்தார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை அத்தை வாக்களிக்கும் கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் வந்தார். அந்த அம்மாள் வந்துபோன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அத்தையை அக்கா என்று அழைத்துப் பழகியவர், தம்பிபோலவே உரிமை எடுத்துக்கொள்பவர். நூலகப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிய பணத்தைப் புதிய ஆளுங்கட்சி நிறுத்திவைத்திருந்தது. அது உண்மையும்கூட, அதைப் பேசினால் போதும் என்பது அவர் வேண்டுகோள். போனவரைப் பற்றி இப்போது எதற்கு என்றார்.

“அது உண்மைதான். அதை நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேற இருக்கு.”

“அக்கா, நீங்க அதைச் சொன்னா, இனிமே எந்தப் பழைய சுவரைக் காப்பாத்தப் போனாலும் இந்தப் படிக்கட்டைத்தான் காட்டுவாங்க. இத்தனை வருஷம் பேசினது எல்லாம் போச்சு.”

 செயலாளர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். செய்தி முடிந்தது. அத்தையின் குரல் வழக்கம்போல் நிதானமாகவே இருந்தது.

“நூலகத்தை இடிக்க வேண்டாம்னு சொன்னேன். அது தப்புன்னு இப்பவும் நான் நினைக்கல. ஆனா காப்பாத்துங்கன்னு சொன்ன நான் ஒரு தடவைகூட அந்தப் படியில ஏறிப் பார்க்கல. காகிதத்துல பார்த்ததே போதும்னு இருந்துட்டேன். தினமும் ஏறினவர் ஒருத்தர். மண் உதிருதுன்னு என்கிட்ட வந்து சொன்னார். ஓட்டெடுப்பு வரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொன்னது நான். அப்புறம் மறந்ததும் நான். அவர் தூங்கல. என் வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்தார்.”

பிறகு காவலாளியின் முழுப்பெயரை, தந்தை பெயரோடு சேர்த்துச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

ஒலிப்பதிவாளர் கையைக் கருவியின் மேல் வைத்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல் வரவில்லை, ஒலிவாங்கி திறந்தே இருந்தது. ஊர் முழுக்க வானொலிப் பெட்டிகளிலிருந்து அமைதி வந்துகொண்டிருந்தது. அத்தையின் மூச்சு கேட்டது. நாற்காலி ஒருமுறை முனகியது. அதற்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது என்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். யாரோ தொலைவில் மெதுவாகப் பெருக்கிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது என்பாள் என் தங்கை. அவள் அருகிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. ஒலிப்பதிவாளர் எழுந்து கதவைத் திறந்து பார்த்ததாகவும், நடைவழியில் யாரும் இல்லை என்றும், திரும்பி வந்த பிறகே இசையைப் போட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

விசாரணை அறிக்கையிலிருந்து ‘கவனக்குறைவு’ என்ற சொல் நீக்கப்பட்டது. காவலாளியின் மனைவி நன்றி சொல்ல வரவில்லை. அத்தை அதை எதிர்பார்க்கவும் இல்லை. செயலாளர் அஞ்சியதும் நடந்தது. அடுத்து பழைய நீதிமன்றத்தை இடிக்க வந்தபோது அத்தை எதிர்த்துப் பேசினார். நகராட்சிக் கூட்டத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து, படிக்கட்டு அத்தை சொல்கிறார் என்றார். அவை சிரித்தது, நீதிமன்றம் போயிற்று.

அத்தை கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அதே கட்சிக்குத்தான் வாக்களித்தார். ஆனால் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதென்றாலும், மூட்டுவலியோடு முதலில் அதில் ஏறி இறங்கினார்; சுவரில் உள்ளங்கையை வைத்து, பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். பழைய சொல்லால் பேச்சை முடிப்பதில்லை. ஒலிப்பதிவாளர் அவர் கை அசைவைப் பார்த்து ஒலிவாங்கியை மூடக் கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் அவர் வழியாகவே தெரிந்தது. அத்தை தினமும் நேரத்துக்கு முன்பே வந்து, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் செய்தி முடிந்து, இவர் சிவப்பு விளக்கைப் போடக் கையை நீட்டியபோது அத்தை விரலை உயர்த்தித் தடுத்தாராம்.

“என்ன அத்தை, இன்னும் கேக்குதா?”

“ம். பெருக்கி முடிக்கட்டும்.”