ஓட்டம் குறைந்த கார்

வெள்ளிக்கிழமை பகலானால் எங்கள் வீட்டில் இரண்டு வாசனைகள் சண்டை பிடிக்கும். ஒன்று குசினியில் உம்மா இறக்கி வைத்த நெய்ச்சோற்றின் வாசனை. மற்றது, முற்றத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட கராஜுக்குள் வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்த காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கும் வாசனை. சூடேறிய பொலித்தீன் இருக்கை உறையும் ரப்பரும் எந்த ஊர்ப் பூவென்று தெரியாத ஒரு சென்ட்டும் கலந்த அதை நாங்கள் "ஜப்பான் வாசம்" என்போம். நெய்ச்சோறு கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரான கெலிஓயாவில் எல்லா வீட்டிலும்தான் மணத்தது, ஜப்பான் வாசம் எங்கள் பாதையில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

வாப்பா சவூதியில் "ஹவுஸ் டிரைவர்". அதாவது ஒரு வீட்டாரின் காரை ஓட்டுவது, அந்த வீட்டு அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போவது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வீட்டின் ஒரே மகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கிப் பிற்பகலில் ஏற்றி வருவது. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயது. நான் நடை பழகிக்கொண்டிருந்தபோது முதல் லீவில் வந்த வாப்பா, இனி இரண்டொரு வருடத்தில் ஊரோடு வந்துவிடுவேன் என்ற நம்பிக்கையில் ஜப்பானில் கொஞ்சம் ஓடிய பிறகு இங்கே இறக்கிய ஒரு "ரிகண்டிஷன்" காரை வாங்கி, லீவு முடிந்ததும் அதைக் கராஜில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அங்கே அவர் ஓட்டியதும் இங்கே எங்கள் கராஜில் நின்றதும் ஒரே ஜப்பான் கம்பனியின் கார்கள்தான். அங்கே உள்ளது பெரியது, ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே உள்ளது சின்னது, ஸ்டியரிங் வலப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று வாப்பா சொன்னதாக உம்மா சொல்வார்.

உம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனால் சந்தியே திரும்பிப் பார்க்கும். சும்மா நின்றால் பெட்டரி செத்துவிடும், டயர் ஒரு பக்கமாகச் சப்பிப் போகும் என்பதால், கம்பளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த என் மாமா, உம்மாவின் தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். பழைய கட்டில் விரிப்பைக் காரின் மேலிருந்து உருவி எடுத்து, பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறும விட்டு, கராஜிலிருந்து முற்றம் வரை முன்னுக்கு எடுத்து, மறுபடி பின்னுக்கு விடுவார். எங்கள் கார் வாராவாரம் போய்வந்த ஊர் அந்த முற்றம்தான்.

மாமாவுக்கு அந்தக் கம்பனி என்றால் பைத்தியம். சொந்தக்காரர்களின் பிறந்த நாள் தெரியாத மனிதர் கம்பனியின் வரலாற்றைத் தலைகீழாகச் சொல்வார். என்ஜின் சூடாகும் வரை நானும் கேட்டாக வேண்டும். முதலில் அது தறி செய்த கம்பனியாம். தகப்பன் தறி செய்ய, மகன் அந்தத் தொழிலிலிருந்து கார் பக்கம் தாவினானாம். ஆரம்பத்தில் செய்த லொறிகள் பாதையிலேயே நின்றுபோக, செய்த ஆட்களே நின்ற இடத்துக்குத் தேடிப் போய் அடியில் படுத்துத் திருத்திக் கொடுத்தார்களாம். கம்பனிக்குள் வேலை செய்யும் எந்தச் சின்ன ஆளும் ஒரு பிழையைக் கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாமாம், இழுத்தால் அந்த வரிசையில் அத்தனை வேலையும் நின்றுவிடுமாம், பெரியவர்கள் ஓடி வந்து என்ன பிழை என்று கேட்பார்களாம். மற்றக் கதைகளை நான் ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டேன். இந்தக் கயிற்றை மட்டும் விடவில்லை. எனக்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இழுத்ததும் சவூதியில் எல்லாம் அப்படியே நின்று, யாராவது வந்து என்னிடம் என்ன பிழை என்று கேட்க வேண்டும்.

ஊரில் அந்தக் கம்பனியின் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய மாமா மாதிரித்தான் பேசினார்கள். கல்யாண ஓட்டம் ஓடும் வேன்காரர், தன் வேன் பெற்றோர் சொல் கேட்காத பிள்ளையைவிட நல்லது, "சாவியப் போட்டாச் சரி, போகும்" என்பார். மரக்கறி ஏற்றித் தெல்தெனியச் சந்தைக்குப் போகிறவர், எவ்வளவு ஏற்றினாலும் முனகாத லொறி என்று அதன் முன்பக்கத்துப் பொன்னட்டைத் தட்டிக் காட்டுவார். பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மட்டும், தகரம் மெல்லிசு, அப்பளம் மாதிரி என்று மூக்கைச் சுளிப்பார். ஆனால் அவருடைய கார் மழைக்கு நின்றுபோனால் தள்ளி விடுவதற்கு அந்த அப்பள வேன்காரர்தான் வர வேண்டும். இப்படி ஆளுக்கு ஆள் தங்கள் வண்டி எங்கெல்லாம் போனது என்று பேசும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கள் கார் நல்ல கார், எங்கேயும் போகாது.

மாமா முன்னும் பின்னும் எடுக்கும்போது நான் முன் இருக்கையில், அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். அவர் இறங்கி நெய்ச்சோறு தின்னப் போன பிறகும் இறங்க மாட்டேன். பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வலப்பக்கத்து வெறும் இருக்கையைப் பார்த்து, இன்றைக்குக் கணக்குப் பாடம் இருக்கிறது, டீச்சர் ஏசுவார், கொஞ்சம் வேகமாகப் போங்க வாப்பா என்றெல்லாம் பேசுவேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு நடைதான். கம்பளை வீதியின் ஓரத்தில், பஸ் கிளப்பிவிடும் புழுதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கும்போது, மோட்டார் சைக்கிளில் வாப்பாமாரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போவார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள்தான். ஒரு நாள் வாப்பா என்னைக் காரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட வேண்டும்.

அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு எளிமையான காரணம் இருந்தது. அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் மூடினால்தான் வாப்பாவுக்கு லீவு. அது மூடும் ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கூடமும் மூடிக் கிடக்கும். வாப்பா வந்து நிற்கும் அந்தக் கொஞ்ச நாட்களில் பெரஹரா ஊர்வலத்துக்காகக் கண்டி டவுன் பாதைகளையும் அடைத்துவிடுவார்கள். மரணம் நடந்த மவுத்து வீடு, கல்யாண வீடு, சொந்தக்கார வீடு என்று உம்மாவையும் சாச்சிமாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, முன் இருக்கையில் சாமான் பைகளோடு கார் நிறைந்து ஓடும். நான் யாராவது ஒருவரின் மடியில் நசுங்கிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் திறக்கும்போது வாப்பா போயிருப்பார், கார் விரிப்புக்கு அடியில் இருக்கும்.

அவர் எங்களுக்குப் போன் கோல் எடுப்பது பிற்பகலில், அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில். நான் அப்போதுதான் நடந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பேன். என்ன படித்தேன், என்ன தின்றேன் என்று வாப்பா ஆறுதலாகக் கேட்டுக்கொண்டே வருவார். நானும் சொல்லிக்கொண்டே வருவேன். பிறகு தூரத்தில் ஒரு மணி அடிப்பது கேட்கும். பெண் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். வாப்பாவின் குரல் சட்டென்று மாறும்.

"வெக்கிறன் மகள். புள்ள வருது."

நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். எத்தனையோ கதைகளை அப்படிப் பாதியில் வைத்திருக்கிறேன். அடுத்த கோலில் அவற்றை எடுத்துச் சொன்னால் ருசிக்காது. யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். அவளுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகாமல் இருந்தால், அன்றைக்கு வாப்பா நிறையப் பேசலாமே என்றும் நினைத்திருக்கிறேன்.

நான் வளர வளர எங்கள் காருக்கு ஊரில் மதிப்பு ஏறியது. "ஓட்டம் கொறஞ்ச வண்டி" என்ற பெயர் பரவி, எங்கிருந்தெல்லாமோ வாங்க வந்தார்கள். மீட்டரைப் பார்த்தவர்கள் கண்ணை நம்பாமல் மறுபடி பார்ப்பார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் வந்து ஓட்டுவதற்குத்தானே வைத்திருக்கிறோம் என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார். நாங்கள் செய்த பிழை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஓட்டம் குறையக் குறைய மதிப்பு கூடும் என்று காருக்குச் சரியாக இருந்த கணக்கை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டோம். வாப்பாவையும் எங்களையும் அப்படியே உறை கழற்றாமல் வைத்திருந்தால், பிறகு ஒரு நாள் எடுத்து ஓட்டலாம் என்று நம்பினோம்.

அந்தப் பிள்ளை படித்து முடித்ததும் வேலையும் முடிந்து வாப்பா ஊரோடு வந்தார். அதே வயதுக்காரியான நானும் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். ஆனாலும் அல்லாஹ் எனக்கு ஒரு வழி வைத்திருந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டேன். கெலிஓயாவிலிருந்து அது கூப்பிடு தூரம். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என்ன, கெம்பஸ் வாசலில் வாப்பா இறக்கிவிடட்டும் என்று முதல் நாளுக்கு முந்திய கிழமை முழுக்க எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அன்று காலை வாப்பா சுபஹ் தொழுதுவிட்டு வந்தவுடனேயே காரைக் கழுவித் துடைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், தலையில் வெள்ளைத் தொப்பி. நான் பையோடு வந்து முன் கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சுற்றி வந்து பின் கதவைத் திறந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. அப்படிச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவும் இல்லை. வாசற்படியில் நின்ற உம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் உள்ளே போய்விட்டார். நான் பின்னால் ஏறினேன்.

வழி முழுக்க வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சவூதியில் பின்னால் இருப்பவர்கள் பேசினால்தான் டிரைவர் பேசலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானோ அவர் பேசட்டும் என்று இருந்தேன். திருப்பத்தில் சிக்னல் போட நினைத்துக் கை பழக்கத்தில் மற்றப் பக்கத்துக் கம்பியைத் தட்ட, நல்ல வெயிலில் வைப்பர் ஆடத் தொடங்கியது. இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. அவர் பயந்துபோய், "மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். என் வாப்பா, என்னிடம்.

கெம்பஸ் வாசலில் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டுப் பையை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார்.

"எத்தன மணிக்கி வரணும்?"

மூன்று மணிக்கு என்றேன். மூன்று மணிக்கு வந்து பார்த்தால், விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் கார் நின்றது. வாப்பா வீட்டுக்குப் போகவே இல்லை என்று பக்கத்தில் இளநீர் விற்றவர் சொன்னார். ஏன் வாப்பா என்று கேட்டதற்கு, "புள்ள எப்ப வரும்ணு தெரியாதே" என்றார். இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்ட அந்தப் பிள்ளையின் இடத்துக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்பது அப்போது விளங்கியது. அந்த இடத்தில் வாப்பா இருக்கவில்லை. பாவம், அவளுக்கும் டிரைவர்தான் இருந்திருக்கிறார்.

மறுநாள் பிடிவாதமாக முன்னால் ஏறி இருந்தேன். வாப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்தார், சாவியைத் திருகினார், ஆனால் காரை எடுக்கவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

"முன்னுக்கு நீங்க ஈந்தா எனக்கு ஓட்ட ஏலாது மகள்" என்றார், மெதுவாக. "பக்கத்துல ஆள் ஈந்து பழக்கமில்ல."

இறங்கிப் பின்னால் போய் இருந்தேன். விடுதி கிடைக்கும் வரை அப்படித்தான் போய் வந்தோம். வாப்பா நல்ல டிரைவர். ஒரு நாளும் பிந்தியதில்லை, ஒரு குழியில் விட்டதில்லை.

பின்னர் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியதும் காரைத் தெல்தெனியவிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தோம். என்ன குறை என்று அவர் கேட்டார், பழைய வண்டிக்கு ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்றார். வாப்பா, "வண்டீல கொறயில்ல" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

வாப்பா மவுத்தாகி இப்போது சில வருடங்கள். மாமாவின் கடை இருந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. கராஜை இடித்து உம்மா அன்னாசி நட்டிருக்கிறார். நான் கண்டியில் வேலை செய்கிறேன், அதே கம்பனியின் சின்னக் கார் ஒன்றை நானே ஓட்டிப் போய் வருகிறேன். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண்கள் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் அந்தக் கம்பனி எப்படி என்று கேட்டால், பெற்றோல் குறைவு, சாமான் எங்கேயும் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எல்லாரும் சொல்வதைச் சொல்கிறேன். பொய்யில்லை, நல்ல கார்.

பேராதனைப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது சில நாட்களில் வாப்பா ஓட்டுவதை நினைத்துப் பார்ப்பேன். முகம் வராது. பின்னாலிருந்து பார்த்தவளுக்கு எப்படி வரும். பிடரியும் தொப்பியின் விளிம்பும் வரும், கண்ணாடியில் அவருடைய இரண்டு கண்கள் வரும். அவை என்னைப் பார்த்த கண்கள் அல்ல, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தவை.