ஏழாம் வகுப்பும் பீரோ சாவியும்

எனக்குப் பொறுமை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து ஒரு டீச்சருக்கு இவ்வளவு அவசரமா என்று கேட்கக் கூடாது. ஹட் பே தீவுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வந்த இரண்டாம் வருஷம், வேதி மாற்றம் பாடம் வந்தபோது, இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

அந்தப் பாடத்தில் ஒரு சோதனை உண்டு. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதற்குள் ஸ்ட்ரா விட்டு ஊதினால் நம் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, நீர் பால் போல வெளுத்துவிடும். என் வகுப்பில் முப்பத்தாறு பேர். ஊதினால் என்ன ஆகும் என்று கேட்டால் முப்பத்தாறு பேரும் ஒரே குரலில் பால் போல ஆகும் என்பார்கள். யாராவது பார்த்திருக்கிறீர்களா என்றால் ஒருத்தரும் இல்லை. போன வருஷப் பிள்ளைகளும் பார்த்ததில்லை. அவர்களும் பரீட்சையில் "பால் போல" என்று எழுதி மார்க் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமான் இல்லாத பள்ளி என்றாலும் மனசு ஆறும். ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு இரும்பு பீரோ நிறைய இருந்தது. சோதனைக் குழாய், பீக்கர், புனல், புட்டி புட்டியாக ரசாயனம், எல்லாம் போர்ட் பிளேரிலிருந்து வைக்கோல் சுற்றிக் கப்பலில் வந்தவை. வந்த அன்றைக்குப் பூட்டியதுதான். ஆறு வருஷமாக அந்தச் சாவி ஹெட்மாஸ்டர் இடுப்பில், கொத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. தெலுங்குக் குடும்பம், இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் பயம் அவருக்கு. கடல் கொஞ்சம் முறைத்தால் கப்பல் வராது, உருளைக்கிழங்கே வராது, உடைந்த குழாய்க்கு வேறு குழாய் எந்தக் காலத்தில் வரும் என்பார். பெரிய பிள்ளைகள் வரட்டும், நடுநிலைப் பிள்ளைகள் கையில் கண்ணாடியைக் கொடுக்க முடியாது என்பார். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் வகுப்பே கிடையாது. அந்தப் பெரிய பிள்ளைகள் எந்தக் கப்பலில் வரப்போகிறார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை போய் நின்றபோது அவர் ஒரு வழிக்கு வந்தார். வியாழக்கிழமை மூன்றாம் பீரியட், அவர் முன்னாலேயே நான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், பீரோவைத் தொடாமல், என் சொந்தச் சாமானில். தண்ணீர் வெளுத்து, ஒரு கிளாசும் உடையாமல் இருந்தால் சாவி எனக்கு. இல்லாவிட்டால் அந்த வருஷம் முழுக்க பீரோ பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்று கை குலுக்காத குறையாகச் சொல்லிவிட்டு, வராந்தாவில் ஓடினேன். முப்பத்திரண்டு வயசுக்காரி, புடவையில், ஓடினேன்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலை போடுகிறவர். அவரிடம் விரல் நுனி அளவு சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, தெளிந்ததும் ஊதினேன். பத்தே ஊது. அப்படியே வெள்ளை! நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர், நான் கையைச் சுட்டுக்கொண்டதாக நினைத்து அடுப்படிக்கு ஓடிவந்தார். அவருக்கும் ஊதிக் காட்டினேன்.

அடுத்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். எட்டு குழு, எட்டு கிளாஸ், நிறையச் சுண்ணாம்பு வேண்டுமே என்று மனசு கணக்குப் போட்டது. உண்மையில் ஒரு ஸ்பூன் போதும். விளையாட்டு அறையில் மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு அரை மூட்டை கிடந்தது. பீடா கடைக்குப் போவானேன், திங்கட்கிழமை தவறாமல் பிரேயரில் பான், புகையிலைக்கு எதிராகப் பேசுகிற ஹெட்மாஸ்டர் முன்னால் பீடா கடைப் பொருளை வைப்பானேன் என்று தோன்றியது. எங்கிருந்து எடுத்தால் என்ன, சுண்ணாம்பு சுண்ணாம்புதானே என்று ஒரு டப்பா அள்ளிக்கொண்டேன். அதை ஒரு தடவை ஊதிப் பார்க்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை வகுப்பு கல்யாண வீடு மாதிரி இருந்தது. டீ கிளாஸ்கள் எட்டு, கப்பல் துறையில் இளநீர் விற்பவரிடம் வாங்கிய ஸ்ட்ராக்கள், இரண்டாம் பாதிக்கு முட்டை ஓடும் வினிகரும். என் பிள்ளைகள் வீட்டில் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று ஆளுக்கொன்று பேசுவார்கள், வகுப்புக்குள் எல்லாருக்கும் தீவு ஹிந்திதான். நான் இங்கே தமிழில் சொல்கிறேன், அவ்வளவே. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்தார். ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் வாய் வெந்துபோகும் என்று நாலு தடவை எச்சரித்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றேன்.

ஊதினார்கள். கன்னம் உப்ப ஊதினார்கள். குமிழி குமிழியாக வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இன்னும் ஊதுங்கள் என்றேன். மாற்றி மாற்றி ஊதினார்கள். ஒருத்தனுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். நானும் ஒரு கிளாசை வாங்கி ஊதினேன். ம்ஹூம். எட்டு கிளாசிலும் பளிங்கு மாதிரி தண்ணீர். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேலியாகக்கூட இல்லை, பாவம் பார்ப்பது போல. என் மானம் கப்பலேறி போர்ட் பிளேர் வரைக்கும் போய்விட்டது. முகம் எரிந்தது. இந்த மூட்டையைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பஜாரில் பீடா கடை வைத்திருப்பவரின் மகள். ஆளுக்கு முன்னால் வாய் வரும். டப்பாவில் மிச்சமிருந்த பொடியை எடுத்து விரலில் தேய்த்தாள், நான் தடுப்பதற்குள் நாக்கு நுனியில் வைத்தாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மேடம், இது செத்த சுண்ணாம்பு. காரமே இல்லை."

கடையில் சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் அப்பா அடிக்க வருவார் என்றாள். எப்போதும் மேலே தண்ணீர் நிற்க வேண்டும், மூடி இருக்க வேண்டும், காற்றாட விட்டால் செத்துவிடும், வாடிக்கைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றாள்.

காற்றாட விட்டால்! எனக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. அந்த மூட்டை போன மழைக்கு முன்னாலிருந்து வாய் பிளந்து கிடக்கிறது. ஹட் பேயின் ஈரக் காற்று உள்ளே போய்ப் போய் வந்திருக்கிறது. காற்றிலும் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதே! நாங்கள் ஊதி நடத்தப் பார்த்த மாற்றம் விளையாட்டு அறையில் எங்களுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. இவ்வளவு நேரம் தொங்கிய முகத்தோடு நின்றவள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். அப்படியானால் இப்போது இந்தப் பொடி என்ன? நாம் ஊதினால் வெள்ளையாக வரவேண்டிய பொருள்தானே? முட்டை ஓட்டில் இருக்கிற அதே பொருள்தானே? முட்டை ஓட்டில் வினிகர் விட்டால் என்ன ஆகும்?

நுரைக்கும் என்றது வகுப்பு. இது அவர்கள் புத்தகத்தில் படித்தது. நான் பொடியை ஒரு கிளாசில் கொட்டி வினிகரை அவள் கையில் கொடுத்தேன். ஊற்றினாள். புஸ்ஸென்று பொங்கி கிளாஸ் விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிந்தது. அடடா, அந்தச் சத்தம்! முப்பத்தாறு பேரும் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். ஏறாதே என்று சொல்ல வேண்டிய நான் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன்.

ஹெட்மாஸ்டர் கையை உயர்த்தினார். வகுப்பு அடங்கியது. இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் வெளுக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள், வெளுக்கவில்லையே என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். நல்ல சுண்ணாம்பு விரல் நுனி அளவு போதும், ஆனால் பீரியட் முடியப் பன்னிரண்டு நிமிஷம், பஜார் இரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கு எங்கே போவேன் என்று பிள்ளைகளைப் பார்த்துத்தான் கேட்டேன். புலம்பல்தான் அது, பதில் எதிர்பார்க்கவில்லை.

பீடா கடைப் பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ஹெட்மாஸ்டர் சார் பாக்கெட்டில் இருக்கு மேடம். காலையிலேதான் அப்பா டப்பியில் புதுசா அடைச்சுக் கொடுத்தார்."

அவளிடம் துளி விஷமம் இல்லை. பென்சில் யாரிடம் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். திங்கட்கிழமைப் பிரேயர் எல்லார் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, சாவியும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். வாசல் பக்கம் பார்த்தார். பிறகு பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு, கட்டை விரல் நீளத்தில் ஒரு தகர டப்பியை எடுத்தார். அதற்கு இரண்டு பக்கமும் மூடி, ஒரு பக்கம் புகையிலை, மறுபக்கம் சுண்ணாம்பு. அவசரத்தில் புகையிலைப் பக்கத்தைத் திறந்துவிட்டார், வாசனை முன் பெஞ்சு வரை வந்தது. மூடினார். மறுபக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை நான் சொல்வது சரிதான். என்னாலதான் முடியலை" என்றார், என்னிடம் அல்ல, பிள்ளைகளிடம்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் மேல் அதுவரை எனக்கிருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சுண்ணாம்பை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கினேன். தெளிய நேரம் இல்லை, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பஞ்சை இறுக்கி அடைத்து வடிகட்டினோம். முதல் தடவை மங்கலாக வந்தது. இரண்டாம் தடவை பஞ்சை மாற்றினோம். கண்ணாடி மாதிரி வந்தது. மூன்று நிமிஷம் இருந்தது. யார் ஊதுவது என்று முப்பத்தாறு கை உயர்ந்தது. நான் ஸ்ட்ராவை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன்.

அவர் குனிந்து ஊதினார். நாலாவது ஊதில் ஒரு மெல்லிய புகை போல ஓடியது. எட்டாவதில் கிளாஸ் முழுக்க வெள்ளை. அவர் வாயிலிருந்து ஸ்ட்ராவை எடுக்காமலே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன்தான் தெரிந்தான். பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு எட்டாம் வகுப்பு வராந்தாவில் வந்து நின்றது. நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மணி அடித்தது. ஒரு கிளாசும் உடையவில்லை. ஹெட்மாஸ்டர் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்து, வாருங்கள், இப்போதே திறந்து பார்த்துவிடலாம் என்றார். வகுப்பு முழுக்கப் பின்னாலேயே வந்தது. பூட்டு முரண்டு பிடித்தது, இரண்டு கையாலும் திருகினேன்.

குழாய்கள் எல்லாம் வைக்கோலுக்குள் பத்திரமாக இருந்தன. ஆனால் அதற்கு மேல் தட்டில், இரும்புத் தூள் என்று எழுதிய புட்டியில் தூள் இல்லை. ஒரே கட்டியாகச் செங்கல் நிறத்தில் துரு. மக்னீசியம் ரிப்பனைத் தொட்டேன், சாம்பல் நிறப் பொடி பூத்து விரலில் ஒட்டியது. நீல மயில்துத்தம் இருக்க வேண்டிய ஒரு புட்டியின் இரும்பு மூடி அரித்து, மூடியே உள்ளே விழுந்து கிடந்தது. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம், இது என்னவாக மாறியிருக்கிறது, அது என்னவாக மாறியிருக்கிறது என்று ஆளாளுக்கு இழுத்தார்கள்.

ஹெட்மாஸ்டர் இரும்புப் புட்டியைக் கையில் எடுத்தார். குலுக்கினார். கட்டி நகரவே இல்லை.

"ஆறு வருஷம் நான் யாரையும் தொட விடலையே" என்றார்.

கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு பிள்ளை சொன்னது, யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"காத்து தொட்டிருக்கு சார்."

அவர் புட்டியை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார்.