பிரஸ்ஸை நிறுத்திய ஸ்டெல்லா சிஸ்டர்

இரவு ஷிஃப்ட் முடிந்து மேனாம்பேட்டு வீட்டில் பகலில் படுத்திருந்தேன். ஃபேன் காற்றில் ஜன்னல் துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் யாரோ ஏழுமலை என்று என் பெயரைச் சொல்வது கேட்டது. கனவு என்றுதான் நினைத்தேன். கண் திறந்தால், என்னோடு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் தனபால் சைக்கிளைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தான்.

“அண்ணாத்தே, எய்ந்திரு. நம்ம ஸ்டெல்லா சிஸ்டர் பூட்டாங்க. கோவில்பதாகை ஊட்லதான் வச்சிருக்காங்கோ. சாயங்காலம் எடுக்கறாங்களாம்.”

அவன் போன பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. துணி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் முதலுதவி அறையின் நர்ஸ். ஒரு கட்டில், ஒரு அலமாரி, டிங்சர் வாசனை, இவ்வளவுதான் அந்த அறை. தலைவலி என்று போனால் மாத்திரை லேசில் கிடைக்காது. “காலையில என்ன சாப்ட்ட?” என்பார். டீ என்றால் போச்சு. “ஏன், உங்க வீட்ல அரிசி ஸ்ட்ரைக்கா?” என்று வாரிவிடுவார். பிறகு தூக்கம் வந்ததா, வீட்டில் சண்டையா என்று ஆரம்பிப்பார். தலைவலிக்கும் மாமியார் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சிரிப்போம். “தலை ஒண்ணுதானப்பா இருக்கு. எல்லாம் அங்கதான் வந்து நிக்கும்” என்பார்.

எண்பதுகளின் நடுவில், என் பக்கத்து மெஷினில் முருகேசனுக்கு இரண்டு விரல்கள் போயின. தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற பிரஸ் அது. அது இறங்க வேண்டுமென்றால் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் ஆபத்தில்லை. ஆனால் டார்கெட் ஏற வேண்டுமே! ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகிவிட்டு, ஒரு கையால் அழுத்தி மறு கையால் தகட்டை வைப்போம். சூப்பர்வைசருக்கும் தெரியும். பீஸ் வந்தால் போதும், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். முருகேசனும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மெஷினைக் கழுவி ஓட்டினார்கள். எனக்குத்தான் எதுவும் கழுவிப் போகவில்லை. கண்ணை மூடினால் பிரஸ் இறங்கும். படுக்கையில் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு கிடப்பேன். பகலில் தண்ணீருக்கு அடியில் வேலை செய்வதுபோல் எல்லாம் மெதுவாக நடந்தது. பீஸ் குறைந்தது. “இன்னாபா ஏயுமல, சரக்கு ஜாஸ்தியா?” என்றார் சூப்பர்வைசர். குடிகாரன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, பயந்தாங்கொள்ளி என்று வாங்கக் கூடாது என்று சிரித்து வைத்தேன். உற்பத்தி ஏறாவிட்டால் வேலை இல்லை என்று மெமோ வந்தது. வீட்டில் மனைவி நிறைமாதம். விபத்துக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த மரத்துண்டை மறுபடி எடுத்துச் செருகினேன். தூக்கமில்லாத கண்ணோடு அந்த மெஷினை ஓட்டினேன்.

அந்த நாட்களில்தான் சிஸ்டர் டீ வண்டியோடு ஷெட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு முன் அவர் அறையை விட்டு வந்ததில்லை. அறைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது போல என்று கேலி பேசினோம். ஒரு காலை என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். எட்டிச் சிவப்புப் பொத்தானைத் தட்டினார். மெஷின் நின்றது. ஒரு நர்ஸ் மெஷினை நிறுத்தி அந்த ஷெட் பார்த்ததில்லை.

என்னை முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனதும், “தூங்கி எவ்ளோ நாளாச்சு?” என்றார். உடைந்து அழுதுவிட்டேன்.

“பயமா கீது சிஸ்டர்.”

“உனக்குப் பயமே இல்லன்னாத்தான் நான் பயப்படணும். படு.”

படுத்தேன். வேப்பமர நிழல் சுவரில் அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் இறங்குவது தூரத்து ரயில்போலக் கேட்டது. ஆவடி ரயிலில் ஜன்னலோரம் சாய்ந்து போவதுபோல் உடம்பு லேசாக ஆடியது. எங்கோ நடுவில், கனவுக்குள் வருவதுபோல், மேனேஜரின் குரல் வந்தது.

“சிஸ்டர், இது ஆஸ்பத்திரி இல்ல, ஃபேக்டரி.”

“ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னுதான் சார் இங்க படுக்க வச்சிருக்கேன்.”

“இவனோட ப்ரொடக்‌ஷன் என்னன்னு தெரியுமா?”

“தெரியும். அவன் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியுமா? உடம்பு தனியா, மனசு தனியா, வேலை தனியா யாரும் கேட்டுக்குள்ள வர்றதில்ல சார். ஒரே ஆளாத்தான் வரான். கொஞ்ச நாள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல போடுங்க. அப்புறமும் தேறலன்னா அடுத்த மெமோவை எனக்குக் குடுங்க.”

மேனேஜர் என்ன சொன்னார் என்று தெரியாது. நான் தூங்கிப்போனேன். மாலைச் சங்கு ஊதித்தான் எழுந்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மறுநாளே என்னை மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து நல்ல பீஸ், கெட்ட பீஸ் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். டை என்கிற அச்சை மாற்ற பிரஸ்ஸின் மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் சிஸ்டர் என்னை அதனிடம் கூட்டிப்போவார். “கையை வை. உன் கை அதுக்கும் பழகட்டும்” என்பார். குளிர்ந்த இரும்பில் கை வைத்துக்கொண்டு வீட்டுக் கதை, பிறந்த பெண் குழந்தையின் கதை எல்லாம் பேசுவேன். அவர் அவசரமே படமாட்டார். ஒரு நாள் நானாகவே, “இன்னைக்கு ஓட்டறேன் சிஸ்டர்” என்றேன். இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் அழுத்தி ஓட்டினேன். பீஸ் மெல்ல ஏறியது. அடுத்த மெமோ யாருக்கும் வரவில்லை. சில மாதம் கழித்து, திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் மேனேஜரே சிஸ்டருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

மரத்துண்டுகள் அதோடு ஒழிந்தன என்று சொன்னால் பொய். அவசர ஆர்டர் வந்தால் எங்கிருந்தோ முளைக்கும். சிஸ்டர் ஷெட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவார். ரிட்டையர் ஆகும்வரை அந்தச் சண்டை முடியவில்லை.

தனபால் வந்து சொன்ன அன்று மாலை, கல்லறையில் மண் போடும் வரிசையில் எனக்கு முன்னால் முருகேசன் நின்றான். விபத்துக்குப் பிறகு வேலையை விட்டு, ஆவடியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். வலது கையால் மண்ணை அள்ளினான். விரல் இல்லாத இடத்தின் வழியாகப் பாதி சரிந்துவிட்டது. மறுபடி குனிந்து அள்ளிப் போட்டான்.

வெளியே வந்ததும் அவனே பேசினான். “கிறிஸ்மஸ் வந்தா கேக் எடுத்துக்கினு கடைக்கு வந்துடுவாங்க. இந்தக் கையப் புடிச்சிக்கினு, ‘ரூம்லயே உக்காந்துட்டேனே முருகேசா, முன்னாடியே எழுந்து வந்திருக்கணுமே’ன்னு அழுவாங்க. ‘அத்த வுடுங்க சிஸ்டர், ஏயுமலகிட்ட போனீங்கல்ல, அது போதும்’னு நான்தான் தேத்தி அனுப்புவேன்.”

இத்தனை வருடங்களில் அவன் இதை என்னிடம் சொன்னதில்லை.

சிஸ்டருடையது என்று சொல்ல என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. என் மகளுக்கு நான் தலை பின்னிவிட்ட விரல்கள் இருக்கின்றன, பத்தும். அவர் எழுந்து வந்ததால் எனக்கு மிஞ்சியவை. அவரை எழுந்து வர வைத்தது முருகேசனின் கை. ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.