சாம்பிளாகப் போன அப்பா

எங்கள் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை மலராக அச்சடித்தபோது போடி வளாகத்துக்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வரி. எண்பதுகளின் நடுவில் வந்த மலர் அது. நான் அப்போது மதுரைத் தலைமை வளாகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். வழவழப்பான தாளில் துணைவேந்தர்களின் படங்கள், முதல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய கதை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து மூடிய கிளை வளாகங்களின் கதை எல்லாம் இருந்தன. போடியைப் பற்றி மட்டும், பெற்றோர்களின் சம்மதத்தோடு அது தலைமை வளாகத்தில் இணைக்கப்பட்டது என்று போட்டு முடித்திருந்தார்கள்.

பெற்றோர்களாம்! பன்மை வேறு! எனக்கு வந்த ஆத்திரத்தில் மலரை மேசைமேல் விட்டெறிந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சம்மதம் சொன்னது ஒரே ஒரு பெற்றோர், சார், அது எங்கள் அப்பா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

போடி வளாகம் என்றதும் மரங்களும் புல்வெளியும் மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். அது ஒரு ஏலக்காய்க் குடோன். எழுபதுகளில் ஊர் வியாபாரிகள் கமிட்டி போட்டு, மதுரைக்கு நடையாய் நடந்து, எங்கள் ஊருக்கும் ஒரு வளாகம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சொந்தக் கட்டடம் வரும்வரை இருக்கட்டும் என்று கமிட்டித் தலைவர் தன் குடோனைக் கொடுத்தார். கீழே பாதியில் காய் மூட்டைகள், மீதியிலும் மாடியிலும் நாங்கள். பொருளாதாரப் பேராசிரியர் போர்டில் தேவை, அளிப்பு என்று எழுதும்போது கீழே லோடு இறக்குகிறவர்கள் கத்துவார்கள். சேலை, ரிப்பன், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் காய் வாசம். பஸ்சில் ஏறினால் கண்டக்டர் மோந்து பார்த்தே, "காலேஜு புள்ளையா, உள்ள போ ஆத்தா" என்பார்.

அந்தக் குடோன்தான் எனக்கு உயிர். ஏனென்றால் அது போடியில் இருந்தது.

நான் போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரம். அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம், கிணறு, இரண்டு மாடு. என்னைச் சேர்க்க வந்த அன்றைக்கே அப்பா, வளாகப் பொறுப்பாளர் அறையில் கறாராகச் சொல்லிவிட்டார். "போடின்னா சேத்துக்கங்க சார். காலையில பஸ்சு ஏறுனா பொழுது சாய வீடு வந்துரும். நாளைக்கு மதுரை, கிதுரைன்னு சொல்லுவீகன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிர்றேன்." பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டிலும் அதே பேச்சுதான். தேவாரம் என்கிற ஊரில் அத்தை மகன் ஒருவர் எனக்கென்று பேசி வைத்தாற்போல இருந்தார். குறை சொல்ல முடியாத மனிதர். மலையடிவாரத்தில் காடு, யானை இறங்கும் மாதங்களில் ராத்திரியெல்லாம் பரண்மேல் காவல். அத்தை வரும்போதெல்லாம் என் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படிச்சது போதாதாக்கும்" என்பாள். அப்பா, "டிகிரிய முடிக்கட்டும்" என்பார். டிகிரி முடிய மூன்று வருஷம். நாங்கள்தான் முதல் செட், வளாகத்துக்கு இரண்டு வருஷப் பாடம் நடத்தத்தான் அனுமதி இருந்தது. மூன்றாம் வருஷம் எங்கே என்பதை மதுரை இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்தச் செய்தி வந்தது. கிளை வளாகங்களால் செலவுதான் மிச்சம், எல்லாவற்றையும் மதுரைக்கே இழுத்துக்கொள்ளலாம், பெண்களுக்கு அங்கே புது ஹாஸ்டல் கட்டியாகிவிட்டது என்று ஒரு யோசனை. ஒரு குழு ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுக்கப் போகிறதாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்தா வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடிக்க வைத்தாள். வயிற்றுப்பூச்சி என்று நினைத்தாள், பாவம்.

எங்கள் வகுப்பில் பெண்கள் ஆறு பேர். என் பக்கத்து இடத்துக்காரி போடிக்காரி. அவள் அப்பா ஏலக்காய் ஏலம் போகிற இடத்தில் எடை போடுகிறவர். புள்ளியியல் என்றால் எனக்குக் கண்ணைக் கட்டும். அவள் கடலை கொறித்துக்கொண்டே போட்டுக் காட்டுவாள். குழு வருகிற செய்தி கேட்டதும், "எங்கய்யா மதுரைக்கெல்லாம் விட மாட்டாருடி" என்றாள். "எங்கப்பா மட்டும் விட்டுருவாராக்கும்" என்றேன் நான். ஆறு பேர் வீட்டிலும் ஒரே பேச்சுதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. ஆறு அப்பாக்களும் மாட்டேன் என்றால் மதுரைக்காரர்கள் என்ன செய்வார்கள், வளாகத்தை இங்கேயே விட்டுத்தானே ஆக வேண்டும்!

கமிட்டித் தலைவரும் அதே கணக்கைத்தான் போட்டார். குழு வருவதற்கு முந்தின நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க வந்தே ஆகணும்" என்றார் தலைவர். "பொறுப்பாளரு சொன்னாரு, நீங்கதான் சரியான ஆளுன்னு. குழுக்காரங்க கேப்பாங்க. மதுரைன்னா எம்மகள அனுப்ப மாட்டேன்னு அடிச்சுச் சொல்லிருங்க. அம்புட்டுத்தான் உங்க சோலி."

"மத்த புள்ளைக அப்பன்மாரு வர்றாகளா?"

"எதுக்கு? கூட்டம் சேந்தா ஆளுக்கொண்ணு பேசிருவாங்க. சரக்க மூட்டையோடவா கொட்டிக் காட்டுறோம்? ஒரு கை சாம்பிள் போதும்ணே. அதப் பாத்துத்தான் லோடுக்கே விலை."

அது அவர் தொழில் புத்தி. ஏலம் போகிற இடத்தில் நானே எட்டிப் பார்த்திருக்கிறேன். தட்டில் ஒரு கை காய் வரும். வியாபாரிகள் ஒன்றைப் பிய்த்து மோந்து, கடித்துத் துப்பிவிட்டு விலை சொல்வார்கள். மூட்டையை யாரும் அவிழ்ப்பதில்லை. எங்கள் ஊரில் எதைக் காட்டுவதென்றாலும் அப்படித்தான் காட்டத் தோன்றும்.

அப்பா, "சரிங்க" என்றார். ராத்திரி அவர் தூங்கவில்லை. நானும்தான். அவர் வாய் குழறிவிடக் கூடாதே, பெரிய மனிதர்களைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். விடிந்ததும் பஸ்சில் வைத்து இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தேன். "மாட்டேன்னு சத்தமாச் சொல்லணும்ப்பா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழு வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மழை. மலையில் மேகம் கவிழ்ந்து குரங்கணிப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. கமிட்டி, கீழே இருந்த மூட்டைகளைப் படுதா போட்டு மூடியிருந்தது. வாசத்தை எந்தப் படுதாவால் மூடுவது? எங்கள் ஆறு பேரையும் மாடி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சுவரோரம் ஒரு நாற்காலியில் அப்பா, வெளுத்த சட்டையில், நுனியில் உட்கார்ந்திருந்தார். சாயவே இல்லை. பக்கத்துக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அம்பாசடர் கார் வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண் பேராசிரியை. தலைவர் ஊரின் பெருமையைச் சொன்னார். பொறுப்பாளர் தேர்ச்சி விவரம் படித்தார். குழுவில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலைவர் எழுந்து, "எங்க பக்கத்துப் பெத்தவங்க மனசு எப்படின்னு நீங்களே கேட்டுக்கங்கய்யா" என்று அப்பாவை நோக்கிக் கையை நீட்டினார். தட்டை நீட்டுகிற அதே கை.

அந்தப் பேராசிரியைதான் கேட்டார். எதிர்பார்த்த கேள்வியை முதலில் கேட்கவில்லை. "உங்க பொண்ணு எதுங்கய்யா?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். "நல்லாப் படிக்குமா?"

"படிக்குங்க" என்றார் அப்பா.

"இங்க மூணாவது வருஷம் இல்லைன்னு ஆயிட்டா என்ன செய்வீங்க? மதுரை ஹாஸ்டல்ல விடுவீங்களா?"

சொல்லுங்கப்பா, மாட்டேன்னு சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். தலைவர் அப்பாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்தேன்.

"அனுப்புவேங்க" என்றார்.

கீழே யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். பேராசிரியை, "நிச்சயமாவா?" என்று கேட்டார். "நிச்சயமாங்க. எங்க இருந்தாலும் அது படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெரியவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது.

கார் போனதும் தலைவர் கொதித்தார். "சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணாப் போச்சே! ஊரு குடியக் கெடுத்துட்டியேய்யா!" என்றார். நேற்று அண்ணே, இன்றைக்கு ஏய்யா! மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. பஸ் கிளம்பினதும் வெடித்தேன். "ஏம்ப்பா இப்பிடிப் பண்ணுனீக? நீங்க மாட்டேன்னிருந்தா இங்கேயே விட்டிருப்பாக. இனிமே எடுத்துட்டுப் போயிருவாகல்ல!"

அப்பா மெதுவாகச் சொன்னார். "நான் மாட்டேன்னு சொல்லி, அப்பவும் அவுக எடுத்துட்டுப் போயிட்டாகன்னு வையி. அப்புறம் என்ன செய்வ? உன்னையச் சேத்த அன்னிக்கு அந்த ரூம்புல சொன்னது ஒருத்தருகிட்டச் சொன்னது. வீட்டுல சொன்னது வீட்டோட போச்சு. இது நாலு பேரு முன்னால, அதிகாரிக முன்னால. மாட்டேன்னு சொல்லிட்டேன்னா நாளைக்கு எனக்கே மனசு மாறுனாலும் உன்னைய எப்பிடி அனுப்புவேன்? உங்கத்தை விடுவாளா? ஊரு காறித் துப்பாதா? அனுப்புறேன்னு சொல்லிட்டா இனி அனுப்பித்தான ஆகணும்."

மாட்டேன் என்று சொன்னால் தன் வாயே தன்னைக் கட்டிவிடும் என்று பயந்துதான் அந்த மனிதர் ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறார். வேறு பக்கமாகக் கட்டிக்கொண்டுவிட்டார்! நான் அவர் தோளில் சாய்ந்து ராசிங்காபுரம் வரை அழுதேன்.

கோடை விடுமுறையில் உத்தரவு வந்தது. மூன்றாம் வருஷம் மதுரையில். குடோன் பழையபடி முழுக்கக் காய் மூட்டைக்குப் போனது. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். அப்பா தூங்குவதை நிறுத்தினார் என்றே சொல்லலாம். ஹாஸ்டலுக்குச் சுவர் உண்டா, எவ்வளவு உயரம், காவல்காரர் வயசானவரா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எங்கே பார்த்தேன்? பெரிய சுவர்ப்பா, உடைந்த கண்ணாடி பதித்திருக்காம் என்று அளந்துவிட்டேன்.

மற்ற ஐந்து பேரின் அப்பாக்களும் சொன்ன சொல் மாறவில்லை. அந்த ஐந்து பெண்களும் படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

நான் கிளம்பிய அன்று என் பக்கத்துக்காரி போடி ஸ்டேஷனுக்கு வந்தாள். குழு வந்த நாளிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், எனக்கு அது வேண்டும் என்றுகூட இருந்தது. அவள் தன் புள்ளியியல் நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். "வச்சுக்க. உனக்கு ஒண்ணும் வராது" என்றாள். அப்போதும் கேலி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்கப்பா மேல கோவமாடி?" என்று கேட்டேன்.

"அவரு மேல எதுக்கு?" என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எங்கய்யாவும் அன்னிக்கு வெளுத்த சட்டையப் போட்டுக்கிட்டுக் கீழதான்டி நின்னாரு, தராசுகிட்ட. கூப்புட்டா மேல வரலாம்னு. நாலு பேரு முன்னால அந்தம்மா கேட்டிருந்தா அவரும் அனுப்புறேன்னு சொல்லியிருப்பாரோ என்னமோ. யாரும் கூப்புடலையே."

வண்டி நகர்ந்தது. எதிரில் அப்பா என் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. சுவர் எவ்வளவு உயரம், காவல்காரர் யார் என்று அன்றைக்கு அவர் ஒன்றுமே கேட்கவில்லை.