துடைக்காமல் விட்ட மேளச் சோறு

தா டுன் தன் அக்கா டோ சேன் மேவுக்குத் தர வேண்டியிருந்தது ஆறு லட்சம் கியாட். ஆறு மாதக் கூலி. கூடப்பிறந்தவளுக்குக் கூலியா என்று கேட்பவர்கள் மாந்தலேயில் அந்தத் தெருவுக்கு வந்து அவளைப் பார்த்திருக்க வேண்டும். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள், உழைத்ததை விட்டுத் தரவும் மாட்டாள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. பயறு வடை சுட்டு விற்றே தகரக் கூரை போட்டாள். தம்பிக்கு இருபத்தொரு மேளமும், அவை தொங்கும் வட்டச் சட்டமும் வாங்கிக் கொடுத்தாள். "நான் சுட்ட வடைதான்டா உன் மேளம்" என்று நாலு பேர் நடுவிலேயே சொல்வாள். உள்ளதைத்தானே சொன்னாள்!

தம்பி, தன் வீட்டுப் பின்னறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை வைத்து அடித்து, ஏசி மாட்டி, பாட்டுப் பதிவு நடத்தினான். மேளங்கள் அவள் பொறுப்பு. குழைய வடித்த சோற்றில் புளியங்கட்டைச் சாம்பலைப் பிசைந்து ஒவ்வொரு தோலின் நடுவிலும் அப்புவாள். கூட்டினால் சுதி இறங்கும், கிள்ளி எடுத்தால் ஏறும். வேலை முடிந்ததும் ஒரு பருக்கை இல்லாமல் துடைத்துவிடுவாள். "இந்த ஊர்ல எவ மேளத்துலயாவது இப்படித் தோல் இருக்கா? கொண்டாந்து காட்டச் சொல்லு!"

ஒரு காதுகுத்து வீட்டுக்கான பதிவு பாதியில் இருந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மீதி மறுநாள். கீபோர்டு வாசிக்கும் கோ பியேவுக்கு வாய் சும்மா இருக்காது.

"நாளைக்கும் இதே சுதி வருமா, வாத்தியாரே? உங்க மேளம் தக்காளி விலை மாதிரியாச்சே, நாளுக்கொண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். தா டுனுக்குக் காது சிவந்தது.

"அக்கா, இன்னைக்குத் துடைக்காத. ஈரத்துணி போட்டு மூடிடு."

"சோறுடா அது. எலிக்கு விருந்து வைக்கச் சொல்றியா?"

"ஏசி ரூம்ல எலி எங்கேருந்து வரும்? வயசானா பயமும் வந்துடும் போல."

"அப்ப நான் இங்கயே படுத்துக்கறேன்."

"வேணாம். பூட்டிட்டுப் போ. மானத்த வாங்காத."

பூட்டினாள். தன் வாழ்நாளில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

ஏசிக் குழாய் நுழையும் ஓட்டை வழியாக எலி வந்திருந்தது. காலையில் மூன்று மேளத்தில் சோறும் இல்லை, தோலும் இல்லை. விழா வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி, "யார் பார்த்துக்கற மேளம் இது?" என்றார்.

தா டுன் யோசிக்கவே இல்லை. "அக்கா துடைக்க மறந்துட்டா. வயசாகுதில்ல."

அவள் கோ பியேவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன். அவன் கீபோர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான்.

"மறந்தது யாருடா?"

"விடு அக்கா. நஷ்டத்த உன் கூலில கழிச்சுக்கறேன்."

ஏசிக் கடன் தீரட்டும் என்று அவன் நிறுத்திவைத்திருந்த கூலி மொத்தமும் அப்படியே போயிற்று. அன்றே வெளியேறினாள். ஆனால் டீக்கடை வரைக்கும் பேச்சு அவளுக்கு முன்னால் போய்விட்டது: எலிக்குச் சோறு வைத்தவள். வேறு மேளக்காரர்களிடம் போய் வேலை கேட்டாள். "உங்களப் பத்தித் தெரியாதாக்கா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பழையபடி வடைச் சட்டியை ஏற்றினாள். அதற்கு அவள் கூச்சப்படுகிறவள் அல்ல. "எலி கடிக்காததாப் பார்த்துக் குடுங்க" என்று வாங்க வந்தவர்கள் இளித்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மழைக்கால நோன்பு கழிந்து விசேஷங்கள் தொடங்கியதும் தா டுனுக்குப் பெரிய வேலை வந்தது. புதிதாய் வைத்த பெண் அப்பிய சோறு அடிக்க அடிக்கத் தெறித்து விழுந்தது. கோ பியேவையும் கூட்டிக்கொண்டு வடைச் சட்டிக்கு வந்து நின்றான்.

"வந்துடு அக்கா. பாக்கிய முழுசாத் தர்றேன்."

"பாக்கி கிடக்கட்டும். அன்னைக்குத் துடைக்காதன்னு சொன்னது நீதான்னு சொல்லு. இவன் முன்னாடி, இங்க நிக்கிறவங்க முன்னாடி சொல்லு. அடுப்ப அணைச்சுட்டு இப்பவே வர்றேன்."

கோ பியே கையிலிருந்த வடையைப் பிட்டுப் பிட்டுப் பார்த்தான்.

"பழச எதுக்குக் கிளறிக்கிட்டு? கைய நீட்டு."

நீட்டினாள். இடக்கையில் பணக்கட்டைப் பிடித்து, பத்தாயிரம் தாள்களாக, சுற்றி நிற்பவர்கள் கேட்கும்படி உரக்க எண்ணி வைத்தான். அவள் பணத்தைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து எண்கள்தான் வந்தன. ஐம்பத்தொன்பது. அறுபது. எண்ணி முடிந்தும் அவள் கை மூடவில்லை.

தா டுன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பைக்குள் கையை விட்டு இன்னொரு தாளை எடுத்தான். மூத்தவர்களுக்குக் கொடுக்கும் முறைப்படி இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, அறுபதின் மேல் அதையும் வைத்தான்.