ஒரே எண்ணில் இரண்டு கம்ப்யூட்டர்

பெரம்பலூர் ஆபீசில் என் லேப்டாப்புக்கு ஓர் ஐ.பி. எண்ணை நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண் வேண்டும், தெருவில் கதவு எண் மாதிரி. அதை மாற்றாமலேயே, கணக்கு சாப்ட்வேரைச் சரிபார்க்க அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றுக்குப் போனேன்.

கேபிளைச் செருகியதும் திரையில் எச்சரிக்கை வந்தது. என் எண்ணை இங்கே இன்னொரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறதாம். எவனோ என் லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அதற்குள், லாரிகளை எடைபோடும் எடைமேடையின் ஆபரேட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், என் கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூந்துட்டான்! எடைச்சீட்டு வரமாட்டேங்குது!"

வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஹாரனை அலறவிட்டன. அந்த எவனோ நான்தான் என்று புரிந்ததும் கேபிளைப் பிடுங்கினேன்.

அன்றிலிருந்து அரியலூரில், லேப்டாப் அங்குள்ள நெட்வொர்க்கிலிருந்து எண்ணைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றுவேன். பெரம்பலூர் திரும்பியதும் பழைய எண். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ! ஒருமுறை மறந்தால் லாரிகள் நின்றுவிடும். அரியலூர் பஸ்ஸில் ஏறும்போதே 'எண்ணை மாற்று, எண்ணை மாற்று' என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த முறை ஆபரேட்டர் தன் கேபிளைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நீங்க மொதல்ல மாட்டுங்க சார். ஒண்ணும் ஆவலைன்னா நான் போயி மாட்டிக்கிறேன்."

மாட்டினேன். எச்சரிக்கை வரவில்லை. அவர் நிம்மதியாகப் போனார். அவருடையது கழன்றிருக்கும்போது எப்படி வரும்? அவர் போய் மாட்டினால்தான் தெரியும். எண்ணை மாற்றியதை இரண்டு தரம் பார்த்திருந்தும், ஹாரன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.