மறுமுனையில் இருந்த கருணாகரன்

வேப்பந்தட்டையில் ஒரு மாடியில் ஆன்டெனா பொருத்திக்கொண்டிருந்தபோது கருணாகரனின் மனைவி அலைபேசியில் அழைத்தார். "அண்ணே, அவரு போயிட்டாருங்க" என்றார். கையிலிருந்த நட்டை முறுக்கி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அலுத்துப்போன உடம்புக்குத் துக்கமும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

அவரும் நானும் பெரம்பலூரில் சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள். கேபிள் இழுக்க முடியாத ஊர்களுக்கு ஆன்டெனா வைத்து இணையம் கொடுப்பது எங்கள் வேலை. மலைமேல் இருந்த ஒரு சிற்றூரின் செவிலியர், "கர்ப்பிணிங்கள கீழ கூட்டியாரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது சார். டாக்டர்கிட்ட வீடியோவுல காட்ட முடிஞ்சாக்கூடப் போதும்" என்று கேட்டிருந்தார். ஆனால் எங்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு கரடு, பாறைக் குன்று, மறைத்தது. அதன் உச்சியில் கம்பம் நட்டு, சிக்னலை அங்கே வாங்கி மலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

கரட்டு நிலம் பாப்பாத்தி அம்மாளுடையது. "கம்பம் நட்டா இடி எறங்கும். எம்மாடு அங்கதான் மேயுது" என்று மறுத்துவிட்டார். நான் வாதாட வாயெடுத்தேன். கருணாகரன் என் கையைப் பிடித்தார். "அவங்க பயம் நெசந்தாம்ப்பா" என்றார். பிறகு அம்மாளிடம், "மாடு மேயாத எடமா நீங்களே காட்டுங்கம்மா" என்றார். பாறைச் சரிவில் ஓர் ஓரத்தைக் காட்டினார் அம்மாள். எங்களுக்குத் தோதில்லாத இடம். கம்பத்தைத் தோளில் சுமந்து ஏறி, அங்கேயே நட்டோம்.

அதன்பின் கருணாகரனுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் தொடங்கியதும் ஏற முடியவில்லை. காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிடும்போதெல்லாம் நான் மேலே போவேன். அவர் கீழே மடிக்கணினியில் சிக்னலைப் பார்த்தபடி அலைபேசியில் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... நில்லு. தாண்டிட்ட, திருப்பு."

போன மழையில் கம்பத்தின் மேல் இடி விழுந்தது. மாடுகளுக்கு ஒன்றுமில்லை, கருவிகள் கருகிவிட்டன. புதியவற்றை மாட்டி, பகல் முழுக்கத் திருப்பிப் பார்த்தும் சிக்னல் கிடைக்கவில்லை. "என்னால முடியல கருணா, விட்டுடுவோம்" என்றேன் அலைபேசியில். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எறங்கி வந்து சாப்புடு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் கிடைத்தது. அந்த வாரமே செவிலியர் ஒரு கர்ப்பிணியின் வீங்கிய கால்களை வீடியோவில் காட்ட, டாக்டர் உடனே கீழே கொண்டுவரச் சொன்னார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கருணாகரனிடம் சொன்னேன். "என்ன கொழந்த?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த நீங்கள் அவருடைய பிடிவாதத்தைப் பேசுகிறீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் நான் சோர்ந்து நின்ற அன்று, இறங்கி வா என்று சொல்ல அவருக்கு மனமிருந்தது. அந்தக் குரலை நான் வைத்துக்கொள்கிறேன்.